லாரிகள் திறந்த எல்லை

"இரண்டு நாள், நான்கு நாடு, 89 யூரோ." எங்கள் மாணவர் விடுதியில் துணி துவைக்கும் அறையின் கதவில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. பார்த்ததும் ஊரில் ஆடி மாதம் கிளம்பும் டூரிஸ்ட் வேன்கள்தான் நினைவுக்கு வந்தன. மூன்றே நாளில் அறுபடை வீட்டையும் சுற்றிக்காட்டிவிட்டு, எந்த மலையில் எந்த முருகனைப் பார்த்தோம் என்ற குழப்பத்தோடு வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். ஆனாலும் பெயர் கொடுத்தேன். 89 யூரோவுக்கு இங்கே ஒரு நல்ல குளிர் சட்டைகூட வராது.

என் ஊர் சங்ககிரி. லாரிகளின் ஊர். அப்பா இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குப் போவதும், அங்கே கிடைத்த லோடோடு திரும்புவதும்தான் அவர் வாழ்க்கை. நான் இப்போது முதுகலை படிப்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சார்ப்ரூக்கனில். இங்கே பிரான்ஸ் என்பது பக்கத்துத் தெரு மாதிரி. 1997 முதல் இந்த ஊர் டிராம் நேராகப் பிரெஞ்சு ஊரான சார்கெமின் வரை போகிறது. நீள ரொட்டி வாங்க அங்கே போய் வருகிறவர்கள் உண்டு. பயணத்துக்கு முந்தின நாள் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"ஏங்கண்ணு, நாலு நாடுன்னா நாலு செக்போஸ்ட் இருக்குமே? வண்டி எத்தன மணி நேரம் நிக்கும்?"

"நிக்கவே நிக்காதுங்ப்பா."

"பொய் சொல்லாத சாமி."

இந்த வாரக்கடைசிச் சுற்றுலாக்களைக் கிண்டல் செய்வது எளிது. இறங்கு, படம் எடு, ஏறு என்று மூன்றே வேலை. பத்து நாளில் ஏழு நாடு காட்டும் நம்மூர் நிறுவனங்களின் பெரிய பயணங்களும் இதே கதைதான், விலை மட்டும் கூட. எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு பாதிதான். கோபுரமும் சிலையும் எங்கேயும் ஓடிவிடாது, கிழவியான பிறகும் வந்து பார்க்கலாம். இந்தச் சாலையில் பார்க்க வேண்டிய அதிசயம் வண்டி நிற்காத இடங்கள். அங்கேதான் எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த அதிசயத்தை இப்போது மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், தூங்காமல் பார்த்த ஒருத்தி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2025 அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன் ஆறரை மணிக்குக் கிளம்பினோம். நாற்பத்தெட்டுப் பேர்; பாதிப் பேர் அந்த மாதம்தான் ஜெர்மனிக்கு வந்திறங்கியவர்கள். எனக்கு முன் ஸீட். லாரிக்காரர் மகள் பின்னால் உட்காரமாட்டாள். ஓட்டுநர் போலந்துக்காரர், அப்பா வயதுதான் இருக்கும். ஏறியதும் சாமி கும்பிடுவார் என்று கண் தானாக எதிர்பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, தலைக்கு மேலிருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் செருகினார். டாக்கோகிராஃப் என்றார். என் ஜெர்மனும் அவர் ஜெர்மனும் ஒரே அளவுக்கு உடைந்தது என்பதால் நன்றாகவே பேசிக்கொண்டோம்.

அந்தப் பெட்டி ஓட்டுநரின் ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதிக்கொள்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 2006இல் போட்ட விதி. மீறியது தெரிந்தால் அபராதம். பிற்பாடு ஓரிடத்தில் ஏற்பாட்டாளர் பையன் "இன்னும் இருபது நிமிடம் ஓட்டினால் ஊர் வந்துவிடுமே" என்று கெஞ்சியபோது, ஓட்டுநர் வாயைத் திறக்காமல் பெட்டியைக் காட்டினார். கொதிநீர்க் குடுவையைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். பின்னால் மாணவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. நம் நாட்டிலும் அப்போது நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொன்னது. அப்பாவிடம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டிவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் சாய்ந்துவிடும் அப்பாவைத்தான் எனக்குத் தெரியும்.

சார்ப்ரூக்கனைத் தாண்டிப் பத்தே நிமிடம், பிரான்ஸ் வந்துவிட்டது. செல்பேசி ஒருமுறை அதிர்ந்தது. 'பிரான்சுக்கு நல்வரவு' என்று தொலைபேசி நிறுவனம் செய்தி அனுப்பியிருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் யாரும் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் ஊர் மெட்ஸ். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'மெஸ்' என்று வருகிறது. விடுதிச் சாம்பாரை நினைத்து நாங்கள் மூன்று தமிழ்ப் பெண்களும் சிரித்ததற்குக் காரணம் சொல்லி மற்றவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. அங்கே எல்லோரும் பேராலயத்தில் ஓவியர் ஷகால் தீட்டிய கண்ணாடிச் சன்னல்களைப் பார்க்க ஓடினார்கள். நானும் பார்த்தேன்; அழகுதான். மனதில் நின்றது என்னவோ ரயில் நிலையம். கோட்டையும் தேவாலயமும் கலந்தாற்போல் ஒரு முரட்டுக் கட்டடம், 1908இல் திறந்தது. கட்டியவர்கள் ஜெர்மானியர்கள். 1871 முதல் 1918 வரை இந்த ஊர் ஜெர்மனியோடு இருந்தது. சண்டை வந்தால் படைகளையும் குதிரைகளையும் சீக்கிரம் ஏற்றியிறக்குவதற்கென்றே நடைமேடைகளை அவ்வளவு பெரிதாக அமைத்தார்களாம். இன்று அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நொறுக்குத் தீனி தின்றுகொண்டு நிற்கிறார்கள்.

இந்தப் பக்கத்து மனிதர்களின் கதையே இதுதான். எங்கள் விடுதிக்கு அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாட்டி சொல்வார்: அவருடைய அம்மா பிறந்ததும் இறந்ததும் ஒரே வீட்டில், ஆனால் வீடு இருந்த நாடு மட்டும் மாறிக்கொண்டே இருந்ததாம். மிகை இல்லை. சார்லாந்து 1920 முதல் சர்வதேச சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. 1935இல் வாக்கெடுப்பு நடத்தி ஜெர்மனியோடு சேர்ந்தது. 1947 முதல் பிரான்சின் பிடியில் தனி நிலமாக இருந்தது. 1955 அக்டோபரில் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு, 1957 ஜனவரி 1 முதல் மீண்டும் ஜெர்மனி. அந்த இடைக்காலத்தில் சார்லாந்துக்கென்று தனிக் கால்பந்து அணிகூட இருந்தது. 1954 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அது மேற்கு ஜெர்மனியை எதிர்த்து விளையாடியிருக்கிறது. பாட்டி அதைச் சொல்லும்போது தோற்ற வருத்தம் இன்னும் போகவில்லை என்பது தெரியும்.

பதினொரு மணிக்கு ஷெங்கன் வந்தோம்.

விசா வாங்க அலைந்த ஒவ்வொரு இந்தியருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். நானும் யோசித்ததில்லை. மோசல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு லக்சம்பர்க் கிராமம். பாலத்தடியில் வரிசையாகப் பெட்ரோல் பங்க்குகள். லக்சம்பர்க்கில் எரிபொருளுக்கு வரி குறைவு என்பதால் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் வண்டியோடு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு, காபிப் பொட்டலமும் சிகரெட்டும் அள்ளிப் போகிறார்கள். மலிவு விலைக்காக மாஹேக்குப் போய் வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த முகங்களில் இருந்த திருப்தி புதிதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி, கூப்பிடு தூரத்தில் பிரான்ஸ். ஆறு யாருக்கு? இருவருக்கும். இந்த நீளத்தில் மோசல் ஜெர்மனிக்கும் லக்சம்பர்க்குக்கும் முழுமையாகப் பொதுச் சொத்து. நடுவில் கோடு கிடையாது. இதைக் கேட்டதும் கூட வந்த தஞ்சாவூர்ப் பெண் விட்ட பெருமூச்சை நான் விளக்க வேண்டியதில்லை.

1985 ஜூன் 14 அன்று 'பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட்' என்ற சுற்றுலாக் கப்பலில், மூன்று நாடுகளும் சந்திக்கும் இடத்தில், ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன: பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்ஸ், அன்றைய மேற்கு ஜெர்மனி. பிரதமர்களோ அதிபர்களோ வரவில்லை. துணை அமைச்சர் அளவிலானவர்கள் வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போனார்கள். அப்போதைய ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள். அதில் பாதிதான் இதற்கு ஒத்துக்கொண்டது. பல கை மாறிய அந்தக் கப்பலை லக்சம்பர்க் திரும்ப வாங்கி, நாற்பதாம் ஆண்டுக்காக 2025இல் கரையில் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. எங்கள் கூட்டம் அதன் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது.

படத்தில் வராத ஒரு பகுதி உண்டு. எனக்குச் சொந்தமாகப் பட்டது அதுதான். இந்த ஒப்பந்தம் மேதைகள் கூடிக் கண்ட கனவு மட்டும் அல்ல. இதற்குப் பின்னால் லாரிக்காரர்களின் கோபம் இருக்கிறது. 1984 பிப்ரவரியில் இத்தாலிய, பிரெஞ்சு சுங்க ஊழியர்கள் கோரிக்கைகளுக்காக வேலையை மெதுவாக்கினார்கள். ஆல்ப்ஸ் மலைக் கடவுகளில் லாரிகள் பனியில் நாள்கணக்கில் நின்றன. பொறுத்துப் பார்த்த ஓட்டுநர்கள் வண்டிகளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். பிரான்சின் நெடுஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. அந்த மறியலுக்குப் பிறகுதான் பிரான்சின் அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் கோலும் எல்லைக் காத்திருப்பைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள். அதே ஆண்டு ஜூலை 13 அன்று அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கே என்றால், நான் படிக்கும் சார்ப்ரூக்கனில். அடுத்த வருடம் ஷெங்கன். ஷெங்கன் ஒப்பந்தத்தில் ஒரு விதி: காரின் முன் கண்ணாடியில் குறைந்தது 8 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சை வட்டத்தை ஒட்டியிருந்தால் காவலர் நிறுத்தவேண்டாம், வேகத்தைக் குறைத்துக் கடந்து போகலாம். அப்பா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடும் அதே கண்ணாடி.

பாலக்காட்டுக் கணவாய்ச் சாவடியில் அப்பா காத்திருந்த இரவுகள் எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்தன. வெள்ளிக்கிழமை வருவேன் என்றால் ஞாயிறு என்று அம்மா புரிந்துகொள்வார். முன்னும் பின்னும் லாரி வரிசை, அடியில் பாய் விரித்து படுக்கை, ஸ்டவ்வில் பொங்கிய சோறு. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அந்த வரியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், எங்கள் கடைத்தெருவில் சொல்கிறார்கள். ஆனால் அந்த மாதம் அப்பா சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குப் பயமாகிவிட்டது. "என்னாச்சுங்க, வண்டி கிண்டி ரிப்பேருங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

லக்சம்பர்க் நகரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பள்ளத்தாக்கின் மேல் அழகான பாலங்கள், வங்கிகள், விலை கேட்டால் மயக்கம் வரும் கடைகள். 2020 முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் எல்லாம் இலவசம் என்பதால் எங்கள் பையன்கள் போகுமிடம் தெரியாமலே டிராமில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சில்லறையாகக் கிடைத்த நாணயத்தில் இருந்தது முந்தின மன்னர் ஆன்ரியின் முகம். அந்த மாதம் 3ஆம் தேதிதான் அவர் மகனுக்குப் பட்டம் கொடுத்திருந்தார். அப்பாவின் சேகரிப்புக்கு அதை எடுத்து வைத்தேன். ஆனால் ஒரு கணக்கைச் சொல்லாமல் போகக்கூடாது. ஏழு லட்சம் பேர்கூட இல்லாத இந்த நாட்டுக்கு, தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வேலைக்கு வந்து, மாலையில் வீடு திரும்புகிறார்கள். செவிலியர், கொத்தனார், வங்கி ஊழியர், எல்லோரும். எல்லையில் ஆளுக்கு ஒரு நிமிடம் நிறுத்தினால் இந்த ஊர் என்ன ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரவு பிரஸ்ஸல்ஸ். சிறுநீர் கழிக்கும் அந்தப் புகழ்பெற்ற பையன் சிலையைத் தேடி இருட்டில் முக்கால் மணி நேரம் நடந்தோம். கண்டுபிடித்தபோது முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தான், அவ்வளவுதான். அதுவும் நகலாம், அசல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் சொன்னதற்கு மேல் ருசி. இரண்டாவது பொட்டலமும் காலியான பிறகுதான், பெல்ஜியத்தில் அதை மரபாக மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்று ஒருவன் சொன்னான். சைவக்காரத் தோழி அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. ஞாயிறு மதியம் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட். 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் யூரோவுக்கும் அடித்தளம் போட்ட ஒப்பந்தம் கையெழுத்தான ஊர். எனக்குத் தலைவலி, பேருந்திலேயே இருந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் லக்சம்பர்க் வழியாக, ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டி மோசல் மேல் உயரமான பாலத்துக்கு வந்தோம். கீழே இருட்டில் விளக்குப் புள்ளிகள். ஷெங்கன்தான். முந்தின நாள் படம் எடுத்துக்கொண்ட கப்பல் அங்கேதான் எங்கோ நின்றிருந்தது. பாலம் முடிந்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். மஞ்சள் விளக்குகள், கூம்புகள், ஒற்றை வழி. இரண்டு காவலர்கள் ஏறினார்கள்.

அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். "மாலை வணக்கம், அடையாள அட்டை" என்றார்கள். எங்களுக்கு ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் சுற்றலாம். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வண்டி முழுக்கப் பைகளைத் துழாவும் சத்தம். முன்னால் இருந்த இரண்டு ஜெர்மன் மாணவர்களின் அட்டை கையிலிருந்து கைக்குப் போய் உடனே திரும்பியது. என்னுடையது டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திரும்பியது. ஈரானிலிருந்து வந்த ஒரு மாணவனின் அட்டை காலாவதியாகிப் புதுப்பித்தலில் இருந்தது. அதற்குப் பதில் தரும் தற்காலிகச் சான்று, மடித்த பச்சைக் காகிதம், அவனிடம் இருந்தது. அது செல்லும். ஆனால் செல்லும் என்று உறுதிப்படுத்த அவனைக் கீழே இறக்கிக் கூட்டிப்போனார்கள். ஐம்பது நிமிடம். இரண்டு நாளாக ஓயாமல் ஜோக் அடித்துக்கொண்டிருந்தவன் திரும்பி வந்து உட்கார்ந்து, சன்னலைப் பார்த்தபடியே சார்ப்ரூக்கன் வரை வந்தான்.

ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் இந்தச் சோதனையை வைத்திருக்கிறது. முதலில் ஆறு மாதம் என்றார்கள். பிறகு இன்னொரு ஆறு மாதம். நாங்கள் போன நேரத்தில் அது 2026 மார்ச் வரை நீண்டிருந்தது. பிரான்ஸ் 2015 நவம்பரில், பாரிஸ் தாக்குதல் நடந்த மாதத்தில் தொடங்கிய 'தற்காலிக'ச் சோதனை பத்து வருடத்தைத் தொட்டுவிட்டது. முறையின்றி உள்ளே வருகிறவர்களையும் ஆள்கடத்துகிறவர்களையும் பிடிக்க வேண்டாமா என்று அரசுகள் கேட்கின்றன. கேள்வி நியாயமானது. எல்லையில் ஒருவரையும் எப்போதும் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆற்றின் மேல் ஒரு பாலத்தில் கூம்பு வைத்தால், ஆள்கடத்துகிறவன் பக்கத்துக் கிராமச் சாலையில் போவான். பாலத்தில் நிற்பவர்கள் வேலைக்குப் போகும் செவிலியர்களும் லாரிகளும் எங்களைப் போன்ற நிறத்தவர்களும்தான். லக்சம்பர்க் அரசு இந்தச் சோதனையை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. அதன் கவலை எனக்குப் புரிகிறது. தற்காலிகம் என்ற சொல்லை நாம் நம்பிவிடுகிறோம். ஊரில் தற்காலிகமாகப் போட்ட டோல்கேட் எதையாவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

எல்லை மூடினால் எப்படி இருக்கும் என்று இந்தப் பகுதி ஒருமுறை ஒத்திகை பார்த்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஜெர்மனி இந்த எல்லையில் சோதனையை வைத்து, சின்னச் சின்ன வழிகளைத் தடுப்பு வைத்து அடைத்தது. லாட்டர்பாக் என்ற ஜெர்மன் ஊரை ஒட்டியே பிரான்ஸ். அங்கே ஒரு ஜெர்மானியர் நாற்காலியைப் போட்டு எல்லையோரம் உட்கார்ந்து, மீன் தூண்டிலை வீசி, அந்தப் பக்கத்து ரொட்டிக் கடையிலிருந்து நீள ரொட்டியை இழுத்துக்கொண்டார். படம் உலகம் முழுக்கப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தையல்கடைப் பாட்டி சிரிக்கவில்லை. அவர் தங்கை அந்தப் பக்கம்.

ஷெங்கனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் என்னால் முடியாது. 1990இல் எழுதி 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அதன் விரிவான ஒப்பந்தம், உள்ளே இருந்த கதவுகளைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டியது. பட்டமளிப்புக்கு அப்பா அம்மாவைக் கூப்பிடலாம் என்று விசாவுக்கு வேண்டிய காகிதங்களின் பட்டியலை அனுப்பினேன். ஆளுக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. வங்கிக் கணக்கு விவரம், வருமானச் சான்று, தங்குமிடம், திரும்பிப் போவீர்கள் என்பதற்கு ஆதாரம். அப்பாவுக்கு மாதச் சம்பளச் சீட்டு என்று ஒன்று வாழ்நாளில் வந்ததில்லை. "திரும்பி வருவேன்னு எப்படி கண்ணு காகிதத்துல காட்டறது? வண்டிய இங்க நிறுத்திட்டு நா எங்க போவேன்?" என்றார். அதை மொழிபெயர்த்து எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லைச் சோதனையில் நின்ற அந்த ஐம்பது நிமிடம் ஓட்டுநர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் காபி குடிக்கவில்லை. "இப்போது உங்களுக்கு இடைவேளை கிடைத்துவிட்டதே" என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார். இது இடைவேளை இல்லை என்றார். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார். ஓட்டுவதற்கு ஒரு குறி, மற்ற வேலைக்கு ஒரு குறி, ஓய்வுக்குக் கட்டில் மாதிரி ஒரு குறி. நான்காவதாக, ஒரு சதுரம், அதற்குள் குறுக்கே ஒரு கோடு. கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நேரம். ஓட்டுநர்களின் வேலை நேரத்துக்கான 2002ஆம் ஆண்டு ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கு விளக்கமே இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் உதாரணங்களில் ஒன்று, எல்லையில் காத்திருத்தல்.

விடுதிக்கு வந்து அந்தச் சதுரத்தை ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் விடியற்காலை. லோடுக்காக எங்கோ நின்றுகொண்டிருந்தார் போலும், உடனே கூப்பிட்டார். குறியைப் பற்றி இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடிப்பது கேட்டது.

"ஏங்கண்ணு, அந்தக் கட்டத்துக்குக் காசு உண்டா?"